துருப்பிடிக்காத பெட்டிக்கு ஏன் ஓய்வு கொடுத்தார்கள்? நியூயார்க்கின் ஆர்-32 பற்றி ஒரு பதில்

பழைய நியூயார்க் சப்வே பெட்டிகளைத் தோணியிலிருந்து அட்லாண்டிக் கடலுக்குள் தள்ளிவிடும் காணொளியைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவற்றில் ஆர்-32 என்ற வகை முழுக்க எவர்சில்வர் உடம்பாமே? துருவே பிடிக்காத பெட்டிக்கு ஏன் ஓய்வு கொடுத்தார்கள்? அதைக் கடலில் போட்டால் சில மாதங்களிலேயே நொறுங்கிவிட்டது என்றும் படித்தேன். அப்படியென்றால் துருப்பிடிக்காது என்பதே விளம்பரம்தானா? நம் ஊர்ப் பழைய பெட்டிகளையும் இப்படிக் கடலில் இறக்கி மீன் வளர்க்கலாமா?" நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஒரு ரயில் பெட்டிக்கு வயதாவது எதனால்? உடம்பு கெட்டால்தான் பெட்டி கெடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆர்-32 அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிய பெட்டி. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதத் தோன்றியது.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் நியூயார்க்கில் வேலை பார்த்தவன் அல்ல. ரயில் பெட்டிகளின் கூடு கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் தரப் பரிசோதனையில் என் பணிக்காலம் கழிந்தது. உலோகத்தையும் இணைப்பையும் பற்றி இங்கே சொல்பவை கையால் தொட்டு அறிந்தவை. நியூயார்க் நிர்வாகத்தின் முடிவுகள் பற்றிச் சொல்பவை பொதுவில் பதிவானவை. கடலுக்கடியில் நடந்ததற்குச் சொல்லும் காரணம் மட்டும் என் ஊகம். அந்த இடம் வரும்போது ஊகம் என்றே சொல்கிறேன்.

1960களின் தொடக்கம் வரை நியூயார்க் சப்வேயின் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே வண்ணம் பூசிய சாதாரண எஃகுதான். பிலடெல்பியாவைச் சேர்ந்த பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகைப் பரிந்துரைத்துக்கொண்டே இருந்தது. 1949ல் ஆர்-11 என்ற பெயரில் பத்துப் பெட்டிகளை மாதிரிக்காகக் கட்டியும் கொடுத்தது. அழகான பெட்டிகள்தான், ஆனால் விலை அதிகம், தொடர்ந்து வாங்க ஆளில்லை. 1963ல் அந்த நிலை மாறியது. 600 பெட்டிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் பட் நிறுவனத்தின் விலையே குறைவாக வந்தது. அந்த 600தான் ஆர்-32. ஆர் என்ற எழுத்தும் எண்ணும் கொள்முதல் ஒப்பந்தத்தின் குறியீடு. பெட்டிகளுக்கு 3350 முதல் 3949 வரை எண்கள். 1964 செப்டம்பர் 9 அன்று கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் வைத்து அவற்றை அறிமுகம் செய்தார்கள். சில நாள்களில் புரூக்ளினின் பிரைட்டன் பாதையில் பயணிகளோடு ஓடத் தொடங்கின. நிர்வாகம் வைத்த செல்லப்பெயர் பிரைட்லைனர். அழுக்கும் இருட்டும் நிறைந்த அந்தச் சுரங்கத்துக்குள் பளபளவென்று ஒரு வண்டி வந்து நின்றபோது, அந்தப் பெயரை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

துருப்பிடிக்காத எஃகில் பெட்டி கட்டுவதில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறகு வரும் எல்லாமே இதில்தான் தொங்குகிறது. இந்த எஃகில் குரோமியம் இருக்கிறது. ரயில் பெட்டிக்குப் பயன்படும் வகைகளில் ஏறக்குறைய 17, 18 சதவீதம். அது காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் படலம் மறுபடி தானே உருவாகும். துருப்பிடிக்காமை என்பது இந்தப் படலம்தான். ஆனால் சாதாரண முறையில் வெல்டிங் செய்து நீண்ட நேரம் சூடேற்றினால், ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எஃகிலுள்ள கரிமம் குரோமியத்தை இழுத்துத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. படிகங்களின் ஓரத்தில் குரோமியம் குறைந்துபோகிறது. பிறகு அந்த ஓரங்கள் வழியாக அரிப்பு நுழையும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும், வெல்டிங்கின் ஓரம் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

பட் நிறுவனத்தின் பொறியாளர் ராக்ஸ்டேல் இதற்குக் கண்டுபிடித்த வழிக்கு ஷாட்வெல்டு என்று பெயர். இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கிடையே அழுத்திப் பிடித்து, மிகப்பெரிய மின்னோட்டத்தை நொடியின் ஒரு சிறு பங்குக்கு மட்டும் செலுத்துவார்கள். உள்ளே ஒரு பொட்டு உருகி இறுகிவிடும். கரிமத்துக்கு வேலை செய்ய அவகாசமே கிடைக்காது. 1934ல் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு ஒரே ஓட்டமாக ஓடிப் புகழ்பெற்ற செஃபிர் ரயிலை இந்த முறையில்தான் கட்டினார்கள். ஆர்-32ம் அதே வழியில் வந்தது. ஒரு பெட்டியில் இப்படிப்பட்ட பொட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இந்தப் பொட்டைப் பரிசோதிப்பது பார்க்க வேண்டிய காட்சி. அன்றைய வேலை தொடங்குமுன், பெட்டிக்குப் பயன்படும் அதே தகட்டில் இரண்டு துண்டுகளை எடுத்து, அதே எந்திரத்தில் ஒன்றிரண்டு பொட்டு வைப்போம். பிறகு ஒரு துண்டை வைஸில் கவ்விக்கொண்டு மற்றதைக் குறடால் பிடித்து உரிப்போம். நல்ல பொட்டு பிரியாது. சுற்றியுள்ள தகட்டைக் கிழித்துக்கொண்டு, ஒரு துண்டில் பொத்தான் அளவுக் குமிழாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும், மற்றதில் அதே அளவு ஓட்டை இருக்கும். இரண்டு துண்டும் சுத்தமாகப் பிரிந்து மொழுமொழுவென்ற இரண்டு முகங்களைக் காட்டினால் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டியதுதான். வெளியே பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரிப் பள்ளம்தான் தெரியும்.

இப்போது ஆர்-32ன் பக்கச் சுவரைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை கிடைமட்டமாக வரிவரியாக மடிப்புகள். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். துருவுக்கென்று கூடுதல் கனம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால் தகட்டை மெல்லியதாக வைத்துக்கொள்ளலாம், மெல்லிய தகட்டுக்கு விறைப்பு வேண்டுமானால் மடிக்க வேண்டும். ஓலைக் குடிசைக்குப் பதில் மேலே போடும் தகரத்தைக் கவனித்தால் போதும், விஷயம் அதேதான். இன்னொரு லாபமும் உண்டு. தட்டையான மெல்லிய தகட்டில் பொட்டு வைத்தால் அங்கங்கே நெளிந்து வெயிலில் அசிங்கமாகத் தெரியும், மடிப்பு அதை மறைத்துவிடும். இப்படி எடையை மிச்சம் பிடித்து, 60 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள பெட்டியை ஏறத்தாழ 36 டன்னில் முடித்தார்கள். பக்கத்துக்கு நான்கு கதவுகள். முந்தைய எஃகுப் பெட்டிகளைவிட எடை குறைவு. வண்ணம் பூசும் செலவும் இல்லை. பாரத்தை அடிச்சட்டம் மட்டும் தாங்கவில்லை. சுவர், கூரை, தளம் எல்லாம் பொட்டுகளால் ஒன்றாகப் பிணைந்து ஒரு குழாய்போலச் சேர்ந்து தாங்கின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடலுக்குப் போகும்போது தேவைப்படும்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் ஜோடி ஜோடியாக இணைந்தே ஓடின. பிரேக்குக்கான காற்றழுத்த எந்திரம் ஒன்றில், மின்னாக்கியும் பேட்டரியும் மற்றதில், ஆகவே தனிப் பெட்டியாக ஓட்ட முடியாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 600 வோல்ட் நேர்மின்சாரம். முதலில் குளிர்சாதனம் கிடையாது, கூரையில் விசிறிகள்தான். ஊர்ப்பெயர்ப் பலகை துணிச்சுருள். ஆள் கையால் திருப்ப வேண்டும். ஓட்டுநரின் அறை முன்பக்கத்தின் அகலத்தில் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டது. அதனால் முன்கதவின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சுரங்கம் எதிர்வருவதைப் பயணியும் பார்க்கலாம். புதிய வண்டிகளில் ஓட்டுநர் அறை முழு அகலத்துக்கும் வந்துவிட்டது. ரயில் ரசிகர்கள் ஆர்-32க்காக உருகியதில் பாதி இந்தக் கண்ணாடிக்காகத்தான் என்பது என் கணிப்பு.

1970களிலும் 80களிலும் நியூயார்க் சப்வே எப்படி இருந்தது என்பதைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளும் புறமும் கிறுக்கல், பராமரிப்புக்குப் பணமில்லை. பளபளப்பான சுவரும் அதற்குத் தப்பவில்லை. 1980களின் பிற்பகுதியில் இந்தப் பெட்டிகளை முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்தார்கள். பத்துப் பெட்டிகளை ஜெனரல் எலெக்ட்ரிக் செய்தது, மற்றவற்றை மாரிசன் நட்சன் ஏற்றது. குளிர்சாதனம் வந்தது அப்போதுதான். இருபத்தைந்து வயதான பெட்டிக்கு இவ்வளவு செலவு செய்யத் துணிந்ததற்குக் காரணம், கூடு கெடாமல் இருந்ததுதான். சாதாரண எஃகுப் பெட்டியைப் பிரித்தால் கதவுப் பள்ளம், ஜன்னலின் அடி, தளத்தின் ஓரம் என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் பொத்தலாக இருக்கும். நம் பழைய பெட்டிகளில் கழிவறைக்குக் கீழே உள்ள தளத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுத்தியலால் தட்டினால் உதிர்ந்து கையில் வரும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 2009ன் கடைசியில் வருகிறது. ஆல்ஸ்டமும் கவாசாகியும் கட்டிய ஆர்-160 புதுப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. ஆர்-32 முழுவதையும் ஒழித்துவிடுவது திட்டம், பெரும்பகுதியை ஒழித்தும் விட்டார்கள். அந்த நேரத்தில் ஆர்-44 என்ற இன்னொரு வகையில் சோதனை செய்தபோது சட்டங்களில் கடுமையான அரிப்பு தெரியவந்தது. ஆர்-44 1970களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் கார் நிறுவனம் கட்டியது. வயதில் ஆர்-32ஐவிட ஏழெட்டு ஆண்டு இளையது. அதன் வெளித்தோலிலும் துருப்பிடிக்காத எஃகு உண்டு. ஆனால் உள்ளே பாரம் தாங்கும் சட்டங்கள் சாதாரண எஃகு. இளையதை வெளியே அனுப்பிவிட்டு, மூத்ததில் 222 பெட்டிகளைத் தொடர்ந்து ஓட வைத்துக்கொண்டார்கள். துருப்பிடிக்காது என்பது விளம்பரம்தானா என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிட நேரான பதில் இல்லை. சட்டத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினால் அது உண்மை. தோலுக்கு மட்டும் போர்த்தினால் விளம்பரம்.

அப்படியானால் 222ஐயும் பிறகு ஏன் நிறுத்தினார்கள்? துருவினால் அல்ல. கடைசி ஆண்டுகளில் ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே ஓடிய சராசரித் தூரக் கணக்கில் ஆர்-32 கடைசி இடத்தில் நின்றது. கதவுக் கருவிகள், மின்தொடர்புகள், ரிலேக்கள், வயரிங் எல்லாம் களைத்துவிட்டிருந்தன. அவற்றுக்கு உதிரி தயாரிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். குளிர்சாதனம் பெரிய தலைவலி. இவை ஓடிய சி என்ற தடம் முழுக்கச் சுரங்கத்துக்குள்ளேயே செல்வது. கோடையில் வெளிக்காற்றே படாமல் சூடான சுரங்கத்தில் ஓடியதில் குளிர்சாதனங்கள் திணறின. அதனால் 2011 கோடையிலிருந்து இவற்றில் பலவற்றைத் தரைக்கு மேலே வெகுதூரம் ஓடும் தடங்களுக்கு மாற்றிப் போட்டார்கள். நல்ல யோசனை, ஆனால் வண்டியின் ஆரோக்கியத்தைப் பார்த்துத் தடத்தை ஒதுக்கும் நிலை வந்துவிட்டால் அந்த வண்டிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று பராமரிப்பில் இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். கணினிவழிச் சிக்னல் முறைக்குத் தடங்கள் மாறத் தொடங்கியதும் இன்னொரு காரணம். ஆர்-32ல் அந்தக் கருவிகள் இல்லை.

இவற்றுக்குப் பதிலாக வரவேண்டிய பம்பார்டியர் நிறுவனத்தின் ஆர்-179 பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. அந்தத் தாமதத்தால் ஆர்-32ன் ஆயுள் நீண்டது. 2020ல் பெருந்தொற்றின்போது நிறுத்தி, கோடையில் மறுபடி எடுத்து, அக்டோபரோடு வழக்கமான சேவையிலிருந்து விலக்கினார்கள். பிறகு வழியனுப்பு ஓட்டங்களாகச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினார்கள். கடைசி ஓட்டம் 2022 ஜனவரி 9. முதல் ஓட்டத்திலிருந்து 57 ஆண்டுகள்.

இன்னும் இருபது ஆண்டு ஓட்டியிருக்கலாம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். கூட்டின் தகடுகள் தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அரை நூற்றாண்டு அதிர்வு வாங்கிய பொட்டுகளிலும் போகி எனப்படும் சக்கரத் தொகுதி அமரும் குறுக்குச் சட்டத்திலும் சோர்வு விரிசல் இருக்கிறதா என்பதைப் பிரித்துச் சோதிக்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. கூடு நன்றாக இருந்தாலும் வயரிங், கதவு, குளிர்சாதனம், மோட்டார் என்று எல்லாவற்றையும் மாற்றும் செலவில் புது வண்டியே வந்துவிடும். என்னிடம் கேட்டிருந்தாலும் நிறுத்தச் சொல்லித்தான் கையெழுத்திட்டிருப்பேன்.

இனி கடல். 2001 முதல் 2010 வரை நியூயார்க் நிர்வாகம் 2,500க்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளை நியூஜெர்சி முதல் ஜார்ஜியா வரையிலான கரையோர மாநிலங்களுக்குச் செயற்கைப் பாறைத்திட்டு அமைக்கக் கொடுத்தது. சக்கரம், மோட்டார், எண்ணெய், இருக்கை, கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டைத்தான் தள்ளினார்கள். முதலில் போனவை ரெட்பேர்டு எனப்பட்ட சிவப்பு வண்ணச் சாதாரண எஃகுப் பெட்டிகள். டெலவேர் கரைக்கு அப்பால் 700க்கும் மேற்பட்டவை 80 அடி ஆழத்தில் கிடக்கின்றன, அந்தத் திட்டுக்கே ரெட்பேர்டு என்றுதான் பெயர். அங்கே மீனும் சிப்பியும் பெருகியது உண்மை. எத்தனை மடங்கு என்று செய்திகளில் வரும் பெரிய எண்களை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்தே படியுங்கள். வெறும் மணல்தரையோடு ஒப்பிட்டால் எந்தக் கடினமான பொருளும் பெரிய எண்ணைத்தான் காட்டும். மீன்கள் புதிதாகப் பிறந்தனவா, பக்கத்திலிருந்து வந்து கூடினவா என்பதில் கடலியலாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு.

2008ல் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக்கு அப்பால் 48 துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளை இறக்கினார்கள். சில மாதங்கள் கழித்து முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவை சரிந்து தகடு தகடாகக் கிடந்தன. அந்த மாநிலம் மேற்கொண்டு வாங்குவதை நிறுத்திவிட்டது. சாதாரண எஃகு ரெட்பேர்டுகளோ அதைவிட வெகுகாலம் நின்றன. இவ்வளவும் பதிவானவை.

ஏன் சரிந்தன என்பதற்கு என் ஊகம் இது. உப்புநீரில் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்குக்குள் காற்று புகாது, பாதுகாப்புப் படலம் புதுப்பிக்கப்படாது, குளோரைடு அங்கே அரிக்கும். பொட்டு வைத்த கூடு முழுக்க அப்படிப்பட்ட இடுக்குகள்தான். ஆனால் சில மாதங்களில் கூடே சரிய இது மட்டும் போதாது. முக்கியக் காரணம் அலையின் அசைவு என்று நினைக்கிறேன். கதவும் கண்ணாடியும் கழன்ற கூட்டில் அலையின் இழுப்பு சுவரை உள்ளும் வெளியும் தள்ளிக்கொண்டே இருக்கும். பொட்டு, பக்கவாட்டு இழுவையை நன்றாகத் தாங்கும். உரிக்கிற விசையைத் தாங்காது. ஒரு வரிசை விட்டால் பாரம் அடுத்த வரிசைக்குப் போகும், அதுவும் விடும். எல்லாம் சேர்ந்து தாங்கும் குழாயில் ஒரு பக்கம் திறந்துவிட்டால் மற்றவை நிற்பதற்கு எதுவும் இல்லை. ரெட்பேர்டின் கனத்த தகடும் கனத்த சட்டமும் துருவுக்கு இரையாகிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் நின்றதற்கும் அந்தக் கனம்தான் காரணம். ஆர்-32 தண்டவாளத்தில் ஓடுவதற்காகக் கணக்கிட்ட பெட்டி. கடல்தரையில் நின்றதா என்பதை வைத்து அதன் எஃகுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

இந்தத் திட்டம் 2010ல் முடிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அடுத்தடுத்த வகைப் பெட்டிகளில் பிளாஸ்டிக் பாகங்கள் மிகுதி. அதையெல்லாம் பிய்த்தெடுத்துக் கடலுக்குத் தகுதியாக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற ஆர்-32கள் உடைத்து விற்கப்பட்டன, சிலவற்றை அருங்காட்சியகத்துக்காக வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெட்டிகளைக் கடலில் இறக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. தமிழகக் கரையோரத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கான்கிரீட்டில் முக்கோணமாகவும் வளையமாகவும் வார்த்த கட்டைகளை இறக்கிச் செயற்கைத் திட்டுகள் அமைத்திருக்கிறது. அவை அந்த வேலைக்கென்றே செய்தவை, அலைக்கு உரியாது, கழற்றிச் சுத்தம் செய்ய எண்ணெயும் ரப்பரும் இல்லை. எங்கே, எத்தனை இறக்க வேண்டும் என்பதை மீன்வளம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பெட்டி விஷயத்தில் மட்டும் நான் சொல்கிறேன்: குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்குக் காயலான் கடையில் நல்ல விலை உண்டு. உருக்கினால் மறுபடி அதே தரத்தில் எஃகாகும். அதை மணலில் புதைப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.